பெங்களூரா, ஜெர்மனியா? எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி, ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஆறு வருடம் இருந்துவிட்டு, 2022இல் பெங்களூரில் எங்கள் பழைய பேட்டையான அல்சூருக்கே திரும்பி வந்தோம். கணவருக்குக் கார் மென்பொருள் வேலை. போகும்போது மகளுக்கு நாலு வயது, வரும்போது பத்து. வந்த நாளிலிருந்து லிஃப்டில், கல்யாணப் பந்தியில், தமிழ்ச் சங்கத்து வாசலில் எங்கே பார்த்தாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாம் என்றுதான் இது.

சுத்தி வளைக்காம சொல்லுங்க அக்கா, எங்க வாழ்க்கை நல்லா இருக்கு?

யாருக்கு என்று சொன்னால் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளைக் கேட்டால் யோசிக்காமல் ஜெர்மனி என்பாள். மாமியாருக்கு அல்சூரை விட்டால் வேறு உலகம் கிடையாது. கணவருக்கு வேலை அங்கே பிடித்திருந்தது, சாயங்காலம் இங்கே பிடித்திருக்கிறது. எனக்கு வாரநாளில் ஒன்று தோன்றும், ஞாயிற்றுக்கிழமை வேறொன்று தோன்றும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவை மட்டும் யாரும் கேட்பதில்லை. இரண்டு நாட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அவர் விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

உலகப் பட்டியல்ல எல்லாம் ஜெர்மனி மேலே, இந்தியா கீழேன்னு போடறாங்களே, அது சரிதானா?

பட்டியல் என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள். ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு மூன்றைத்தான் பார்க்கிறது: ஆயுள், படிப்பு, தலைக்கு வருமானம். பாகிஸ்தான் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், நம் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் அவர்களையும் சேர்த்துக்கொண்டு 1990இல் கொண்டுவந்தது அது. நாட்டின் மொத்த வருமானத்தை மட்டும் வைத்து மார்தட்டுகிறார்களே என்ற கோபத்தில் பிறந்த கணக்கு. 2025இல் வந்த அறிக்கையில் ஜெர்மனிக்கு 5ஆம் இடம், இந்தியாவுக்கு 130. சராசரி ஆயுள் அங்கே 81, இங்கே 72. இந்த ஒன்பது வருட வித்தியாசத்தை என்னால் எந்த வாதத்தாலும் தட்டிவிட முடியாது.

மகிழ்ச்சிப் பட்டியல் வேறு மாதிரி. பத்துப் படி ஏணி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், உங்கள் வாழ்க்கை எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேட்பார்கள். 2024இல் 143 நாடுகளில் இந்தியா 126, ஜெர்மனி 24. என் மாமியாரிடம் இதைக் கேட்டால் "கண்ணு படும்" என்று வேண்டுமென்றே இரண்டு படி குறைத்துச் சொல்வார். அதனால் இதை நான் அப்படியே நம்பிவிடுவதில்லை.

நகரங்களை வரிசைப்படுத்தும் மெர்சர் பட்டியலின் வேலையே வேறு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள், கஷ்டமான ஊருக்குப் போகிறவருக்குக் கூடுதல் படி எவ்வளவு தரலாம் என்று பார்ப்பதற்காக, மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனம் போட்டது. அனுப்பப்படும் அதிகாரியின் கண்ணால் ஊரைப் பார்க்கும். சிவாஜிநகரில் பூ விற்பவருக்கு அதில் இடமில்லை.

சம்பளத்தை நூறால பெருக்கினா எங்கயோ போகுதே?

ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது, சரி. ஆனால் வருமானத்தை மட்டும் பெருக்கிவிட்டுச் செலவைப் பெருக்க மறந்துவிடுகிறோம். வருடத்துக்கு 65,000 யூரோ என்று கடிதம் வரும். கல்யாணமாகாதவர் என்றால் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் கைக்கு 3,400 போல வரும். மனைவி வேலைக்குப் போகாத குடும்பத்துக்கு வரி வகுப்பு மாறுவதால் இன்னும் சில நூறு கூடும். எங்களுக்கு வாடகை 1,250, வெந்நீரும் ஹீட்டரும் சேர்த்து. கரண்ட், இன்டர்நெட் தனி. டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும். முதல் கடிதம் வந்தபோது ஏதோ ஏமாற்று வேலை என்று குப்பையில் போட்டுவிட்டேன். அது ஏமாற்று இல்லை.

அட்வான்ஸில் மட்டும் நமக்கு லாபம். பெங்களூரில் பத்து மாத வாடகையைக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அங்கே மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டமே விடாது. ஆனால் காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஸிங்க் இல்லை, அடுப்பு இல்லை, சுவரிலிருந்து ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கூரையில் பல்புக்குப் பதில் மூன்று வயர் தொங்கியது. பழைய சமையலறை ஒன்றை வாங்கிப் பொருத்தும் வரை பதினோரு நாள் குளியலறை வாஷ்பேசினில்தான் அரிசி களைந்தேன்.

குழந்தைக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுப்பது உண்மை. 2025இல் ஒரு பிள்ளைக்கு 255 யூரோ.

வேலை நேரம்?

இங்கே 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார், ஊரே இரண்டுபட்டது. அங்கே ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் சட்டம், போனால் 10. ஐந்து நாள் வேலை என்றால் வருடத்துக்கு 20 நாள் ஊதியத்துடன் விடுப்பு குறைந்தபட்சம். பல கம்பெனிகள் 30 தருகின்றன. என் கணவர் விடுப்பில் இருந்தபோது மேலாளரிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. "நீங்கள் ஏன் மெயிலுக்குப் பதில் போடுகிறீர்கள்?" என்று கேட்க.

வருடச் சராசரி 1,340 மணி நேரம்தான் என்று சொல்லி ஜெர்மானியர்களைச் சோம்பேறி என்பவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே பகுதிநேரமாக வேலை பார்ப்பவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள். மத்தியானமே பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட ஆள் வேண்டுமே. அதற்காக வேலைக்கே போகாமல் வீட்டில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி.

வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காதாமே?

கிடைப்பார்கள். மணிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ‘கேர்வோகெ’ என்று ஒரு வழக்கம் உண்டு. பெருக்கும் வாரம் என்று அர்த்தம். ஒரு மரப்பலகை, கயிறு கட்டி, முறை யாருடையதோ அவர்கள் வீட்டுக் கதவுப்பிடியில் தொங்கும். அந்த வாரம் படிக்கட்டு, நிலவறை, வாசல் நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. பனி விழுந்தால் விடியற்காலையில் அள்ளிப் போடுவதும்தான்.

முதல் முறை பலகை தொங்கியபோது நான் சனிக்கிழமை காலை பத்து நிமிடத்தில் பெருக்கி முடித்துவிட்டேன். பெங்களூரில் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் துடைப்பத்தைத் தொட்டதே தீபாவளிக்கு முன்னால்தான். அரை மணி கழித்து மேல்வீட்டுப் பாட்டி இறங்கி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரலை என்னிடம் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து என்னோடு சேர்ந்து நாலு மாடியும் துடைத்தார். வயது எண்பதுக்கு மேல். முடிந்ததும் அவர் வீட்டில் காபியும் கேக்கும். அடுத்த ஆறு வருடமும் என் மகளுக்கு அவர்தான் பாட்டி.

எங்கள் கட்டடத்து அலுவலக மாடியைத் துடைக்க வரும் பெண்மணிக்கும் என் கணவருக்கும் ஒரே மாதிரி மருத்துவக் காப்பீட்டு அட்டை. அவருக்கும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு, அவர் ஆகஸ்ட்டில் கடலுக்குப் போவார். 2025 கணக்குப்படி மணிக்கு 12.82 யூரோவுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இங்கே எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா ஐந்து வீடு பார்க்கிறார். எங்கள் வீட்டில் மாதம் 2,500. காய்ச்சல் என்றால் "இன்னைக்கு வரல மேடம்" என்று மிஸ்டு கால். சில வீடுகளில் அந்த நாளுக்குப் பிடித்துக்கொள்வார்கள். ‘இந்தியாவில் வாழ்க்கை சுகம், எல்லாத்துக்கும் ஆள் இருக்கு’ என்று சொல்பவர்கள் இந்த 2,500ஐத்தான் சுகம் என்கிறார்கள். நானும் அனுபவிக்கிறேன், மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி எப்படி? டாக்டரைப் பார்க்கவே மாசக்கணக்கா ஆகுமாமே?

இதில் எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள்.

பொதுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல். பாதி கம்பெனி கட்டும், பாதி நாம். வேலைக்குப் போகாத நானும் மகளும் அதே அட்டையில் இலவசம். மருந்துச் சீட்டுக்குப் பெரியவர்கள் 5 முதல் 10 யூரோ கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மகளுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. நாலு நாள் படுக்கை. வீட்டுக்குப் போகும்போது பழக்கதோஷத்தில் பில் கவுன்டரைத் தேடினேன். நர்ஸுக்கு என் கேள்வியே புரியவில்லை.

அதே நாட்டில் எனக்குத் தோலில் ஒரு தடிப்பு வந்து, தோல் மருத்துவரிடம் நாள் கேட்டபோது பதினான்கு வாரம் கழித்துத் தந்தார்கள். அதற்குள் தடிப்பு தானாகப் போய்விட்டது. தனியார் காப்பீடா என்று போனிலேயே கேட்பார்கள். ஆம் என்றால் குரலும் மாறும், தேதியும் மாறும்.

பெங்களூரில் காலையில் காது வலித்தால் சாயங்காலம் காது மருத்துவர். மாமியாரின் மூட்டு அறுவை, நினைத்த வாரத்தில் முடிந்தது. வேகத்தில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை, கையில் பணமோ கம்பெனி காப்பீடோ இருக்கும் வரை. பாத்திரம் தேய்க்கும் அக்காவின் கணவருக்கு இரண்டு வருடம் முன்பு கால் முறிந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை.

பிள்ளைங்க படிப்பு?

அங்கே பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அரசுப் பள்ளி, அரசுப் பல்கலைக்கழகம் இரண்டிலும் பெரும்பாலும் கட்டணமே கிடையாது. ஆனால் நாங்கள் இருந்த மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பள்ளிக்கு முந்தைய கட்டம்தான் திண்டாட்டம். ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பக இடம் சட்டப்படி உரிமை, 2013 ஆகஸ்ட் முதல். உரிமை இருக்கிறது, இடம் இல்லை. நாங்கள் ஏழு இடத்தில் பெயர் எழுதிவைத்து எட்டு மாதம் காத்திருந்தோம்.

நாலாம் வகுப்போடு பிரித்துவிடுவார்கள் என்பதும் உண்மைதான். பல்கலைக்கழகம் நோக்கிப் போகும் பள்ளி, தொழிற்பயிற்சி நோக்கிப் போகும் பள்ளி என்று. பத்து வயதுப் பிள்ளைக்கு இதென்ன முடிவு என்று எனக்குக் கோபம். வழி மாறிக்கொள்ளலாம் என்பார்கள். வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு மாறுவது லேசில்லை.

ஆனால் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பது வேறு. முதல் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கொண்டுவந்து விடாதீர்கள், தனியாக நடந்து வரட்டும் என்றார். ஆறு வயது! தெரு முனை வரை மறைந்து மறைந்து பின்னாலேயே போனேன். அவள் சாலையோரம் நின்றாள். ஒரு லாரி நின்றது. டிரைவர் கையைக் காட்ட, இவளும் கையைக் காட்டிவிட்டுக் கடந்தாள். நாலாம் வகுப்பில் போலீஸ்காரரே வந்து சைக்கிள் ஓட்டும் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்.

அந்தச் சான்றிதழ் இப்போது அலமாரியில் இருக்கிறது. அல்சூரில் வீட்டிலிருந்து பேக்கரி வரை இருநூறு மீட்டர். நடைபாதையில் ட்ரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டினால் பெயர்ந்த கல், அதன் மேல் ஏறி வரும் ஸ்கூட்டர். பத்து வயதில் திரும்பி வந்தவள் ஆறு வயதில் செய்ததைச் செய்ய முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ட்ராஃபிக் தொல்லை இல்லை, ரயில் எல்லாம் டைமுக்கு வரும், இல்ல?

ஜெர்மன் ரயில் பற்றி நம் ஆட்களுக்கு இருக்கும் பக்தி ஜெர்மானியர்களுக்கே கிடையாது. 2024இல் அவர்களுடைய நீண்டதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். ஆறு நிமிடத்துக்குள் தாமதமானதையும் நேரம் என்றே எண்ணிய பிறகு வரும் கணக்கு இது.

பெங்களூருக்கு என்ன சொல்ல? டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கில் 10 கிலோமீட்டர் போக 34 நிமிடம் 10 விநாடி, உலகில் மூன்றாவது மெதுவான ஊர். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாகப் போகிறவர்கள் இதைப் படித்து "அவ்வளவு சீக்கிரமாவா?" என்பார்கள்.

அங்கே 2023 மே முதல் நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே மாதச் சீட்டு. 49 யூரோவில் தொடங்கி 2025இல் 58 ஆனது. நம் கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது, பெண்களுக்கு அரசுப் பஸ் இலவசம். என் போன்றவர்கள் அதைக் கிண்டல் செய்தோம். பாத்திரம் தேய்க்கும் அக்கா மாதம் மிச்சமாகும் பணத்தில் மகளை டியூஷனுக்கு அனுப்புகிறார்.

தண்ணி, கரண்ட்?

அங்கே குழாயில் வருவதை அப்படியே குடிக்கலாம். ஆறு வருடத்தில் கரண்ட் போனது ஒரு முறை, நாற்பது நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து திருவிழா மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே காவிரி நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றி வர வேண்டும். 2024 கோடையில் டேங்கர் லாரிக்கு நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

தனிமை கொல்லும்னு சொல்றாங்களே?

நவம்பரில் தொடங்கும். நாலரை மணிக்கு இருட்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. டிரில்லிங் மெஷின் போடக் கூடாது, காலிப் பாட்டிலைத் தெருவில் கண்ணாடிக் குப்பைக்கென்று இருக்கும் தொட்டியில் போடக்கூடக் கூடாது, சத்தம் வரும். முதல் குளிர்காலத்தில் குக்கர் விசிலை நானே துணி போட்டு அமுக்கினேன். பேச்சுக்கு ஆளில்லாமல் வானொலியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

ஹாம் நகரத்தில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் கும்பாபிஷேகம் ஆனது. தேர்த் திருவிழாவுக்கு ஒரு முறை போனோம். எங்களுக்குப் பக்கத்தில் காவடி எடுத்த பையன் தன் நண்பனிடம் ஜெர்மனிலும் அம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழிலும் பேசிக்கொண்டு போனான். கோபுரத்தைப் பார்த்ததும் என் கணவர் அழுதுவிட்டார். அவர் இங்கே கோயிலுக்கே போகாதவர்.

பள்ளியின் நீண்ட விடுமுறை அங்கே ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. பள்ளி நடக்கும் நாளில் பிள்ளையை நிறுத்தி ஊருக்குக் கூட்டி வந்தால் அபராதம். அதனால் பொங்கலை அவள் போனில்தான் பார்த்தாள்.

இனவெறி உண்டா?

உண்டு. வீடு தேடும்போது நம் பெயரைப் பார்த்தால் பதில் வராது. ஜெர்மன் நண்பர் அதே வீட்டுக்கு எழுதினால் அன்றைக்கே வரும். பஸ்ஸில் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும் நாள்கள் உண்டு. ஆனால் நான் பெங்களூர்த் தமிழச்சி. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது அப்பா வாசல் கோலத்தை அழித்துவிட்டு எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார். 2016 செப்டம்பரில், நாங்கள் விசாவுக்குக் காத்திருந்தபோது, தமிழ்நாட்டு நம்பர் பிளேட் வண்டிகள் எரிந்தன. கன்னடம் தெரிந்தால் பெங்களூர் நம்மைத் தாங்கும், ஜெர்மன் தெரிந்தால் ஜெர்மனி தாங்கும். இரண்டு இடத்திலும் மொழி கற்காமல் முனகுபவர்களை எனக்குப் பிடிக்காது.

குடியுரிமை வாங்கியிருக்கலாமே?

2024 ஜூன் 27 முதல் ஐந்து வருடத்தில் விண்ணப்பிக்கலாம், முன்பு எட்டு. இரட்டைக் குடியுரிமைக்கு அவர்கள் சரி என்றாலும் நம் சட்டம் விடாது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்தியருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான். அதற்குள் நாங்கள் வந்துவிட்டோம்.

கட்டின பென்ஷன் பணம் போச்சா?

போகவில்லை. இரண்டு நாட்டுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு மேல் கட்டியதால் கணவருக்கு 67 வயதில் ஒரு சிறு தொகை வரும். கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் ஏன் திரும்பினீங்க?

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெற்றோரை அங்கே கூட்டிப் போய் நிரந்தரமாக வைத்துக்கொள்வது மிகவும் கஷ்டம். சுற்றுலா விசாவில் 90 நாள், அவ்வளவுதான். மேல்வீட்டுப் பாட்டியின் மகன் ஹாம்பர்க் நகரத்தில் இருந்தார், மாதம் ஒரு முறை வருவார். பாட்டிக்கு அரசு ஏற்பாட்டில் காலையில் ஒரு நர்ஸ், மதியம் சாப்பாட்டு வண்டி. ஒரு குறையும் இல்லை. அவர் சாயங்காலம் படிக்கட்டில் என் மகளின் காலடிச் சத்தத்துக்குக் காத்திருப்பார் என்பதை நாங்கள் கிளம்பும் வாரம்தான் சொன்னார்.

போறதா முடிவு பண்ணிட்டோம். இங்கிருந்து என்ன எடுத்துட்டுப் போகட்டும்?

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஸ்வெட்டர் வாங்காதீர்கள், அந்தக் குளிருக்கு அது பனியன். அங்கே போய் வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் அங்கே எந்த அத்தாட்சி செல்லும் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அரிசி, பருப்பு, புளி எல்லாம் ஈழத் தமிழர் கடையில் கிடைக்கும், பெட்டியை அடைக்காதீர்கள். குக்கர் கேஸ்கட் மட்டும் உங்கள் அளவில் மூன்று எடுத்துப் போங்கள், வெயிட் ஒன்று கூடுதலாக.